புதியாப்ளை சாப்பிடுவதில்லை

தலச்சேரி
12 ஜனவரி 1985

அன்புள்ள அசைனார் இக்காவுக்கு,

தங்கை குல்ஸுவின் ஸலாம். இங்கே உம்மாவும் அவர் தங்கை எளாமாவும் நானும் சுகம். உம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் கோபித்துக்கொள்கிறது. பஹ்ரைனில் இந்த வருடம் குளிர் அதிகமாமே. கடையில் ஐஸ்பெட்டிக்குப் பக்கத்திலேயே நிற்காதீர்கள், நெஞ்சில் சளி கட்டும்.

என் கல்யாண விருந்தின் பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் நீங்கள் விமானம் ஏறிவிட்டீர்கள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் நடப்பதை யாராவது உங்களுக்குச் சொல்ல வேண்டும். புதியாப்ளை சாப்பிடுவதில்லை.

புதியாப்ளைமார் வழக்கப்படி தினமும் ராத்திரி இஷா தொழுதுவிட்டு இங்கே வருகிறார். உம்மா மேசையை நிறைத்து வைக்கிறார். நெய்ப்பத்திரி, நிறைத்த கோழி, கல்லுமக்காய், முட்டைமாலை. அவர் அரைப் பத்திரியைக் குழம்பில் ஊறவைத்து, மெதுவாக விழுங்கிவிட்டு, கை கழுவி எழுந்துவிடுகிறார். காலையில் தேநீர் மட்டும், அதுவும் ஆறிய பிறகு. உடனே அடுப்படியில் கூட்டம் கூடுகிறது. எதில் உப்புக் குறைந்தது என்று ஆராய்ச்சி நடக்கிறது. மறுநாள் மேசையில் ஒரு பாத்திரம் கூடுகிறது. அவர் அதையும் தொடுவதில்லை.

"பேக்கரி வச்சிருக்கிறவருல்ல. கேக்கும் பிஸ்கட்டும் தின்ன நாக்குக்கு நம்ம கைப்பலகாரம் எறங்குமா?" என்கிறார் எளாமா, அவர் காதில் விழும்படியாக.

உம்மா சத்தமில்லாமல் அழுகிறார். புதியாப்ளை தட்டில் மிச்சம் வைத்தால் அந்த வீட்டில் ஏதோ குறை என்று தலச்சேரி முழுக்கப் பேசும். அவர் உங்கள் பள்ளிக்கூட சிநேகிதர்தானே. அவருக்கு என்ன பிடிக்கும் என்று எழுதுங்கள். செய்து பார்க்கிறோம்.

துஆவில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் குல்ஸு

*

மனாமா
29 ஜனவரி 1985

அன்புத் தங்கை குல்ஸுவுக்கு,

ஸலாம். படைத்தவன் கருணையால் சுகமாக இருக்கிறேன். சளி பிடிக்கவில்லை. கம்பளிச் சட்டை வாங்கிவிட்டேன், அதைப் போட்டால் கரடி மாதிரி இருக்கிறேன் என்று கடைக்கு வரும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

பக்கருக்கு என்ன பிடிக்கும் என்றா கேட்கிறாய்? பள்ளிக்கூடத்தில் தன் சோற்றுப் பொட்டலத்தை முதல் மணியிலேயே முடித்துவிட்டு, மதியம் என் பொட்டலத்துக்கு வந்து உட்காருகிறவன் அவன். கல்லுமக்காய் என்றால் ஓட்டையும் கடிப்பான். அப்படிப்பட்டவன் அரைப் பத்திரியோடு எழுந்தான் என்றால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. வெட்கமாக இருக்கலாம். எளாமாவைக் கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப்பார்க்க வேண்டாம் என்று சொல். அவர் பார்வை பட்டால் எனக்கே விக்கும்.

ஒன்று கேட்கிறேன். நீ எழுதியதில் கோழியைப் பற்றி இருக்கிறது, முட்டைமாலையைப் பற்றி இருக்கிறது. அவன் உன்னிடம் என்ன பேசுகிறான் என்று ஒரு வரிகூட இல்லை. அதை எழுது.

உம்மாவின் காலுக்குத் தைலம் கொடுத்தனுப்புகிறேன்.

இக்கா அசைனார்

*

தலச்சேரி
21 பிப்ரவரி 1985

அன்புள்ள இக்காவுக்கு,

ஸலாம். எல்லோரும் சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வீட்டில் வேலை அதிகம். தைலம் வந்தது. உம்மா அதைத் தேய்ப்பதைவிட மோந்து பார்ப்பதுதான் அதிகம்.

போன வாரம் அவர் இங்கே வரவில்லை. கடையில் மாவு வந்து இறங்கியதாம். உம்மா கேரியர் நிறைய அனுப்பினார். அவர் வீட்டிலிருந்து பாத்திரத்தில் சர்க்கரை போட்டு மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். இந்த வாரம் மறுபடி வருகிறார்.

அவர் என்னிடம் நன்றாகத்தான் பேசுகிறார். குறை ஒன்றுமில்லை. நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் கவலைப்பட வேண்டாம், நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

இக்கா, அவருடைய உப்பா எப்படி மௌத்தானார், உங்களுக்கு நினைவிருக்கிறதா? எத்தனை மாதம் கிடந்தார்? சும்மாதான் கேட்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

குல்ஸு

*

மனாமா
2 மார்ச் 1985

குல்ஸுவுக்கு,

ஸலாம். நான் சுகம். நீ சுகமில்லை என்று இப்போது எனக்குத் தெரியும்.

நம் தெரு ஹம்ஸ ஊரிலிருந்து நேற்று வந்து சேர்ந்தான். நம் வீட்டு விருந்து ஒன்றில் பக்கருக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். "நிறைச்ச கோழிய முன்னால வச்சாங்க. உங்க அளியன் பக்கரு ஒரு வாய் எடுத்து வச்சாரு. அப்பறம் முகத்த ஒரு கோணு கோணுனாரு பாருங்க, வெளக்கெண்ண குடிச்ச மாதிரி. உங்க உம்மா அங்கேயே நின்னுட்டிருந்தாங்க" என்றான். ஊரில் எல்லோரும் பேசுகிறார்களாம். பெண் பிடிக்காமல் கட்டிக்கொண்டானாம்.

இதைக் கேட்டுவிட்டு ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை. அவனை நல்லவன் என்று சொல்லி உன்னைக் கட்டிக் கொடுத்தவன் நான். பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறந்து சொல்லட்டும். நம் உம்மா வைத்த சோற்றைப் பார்த்து முகம் கோணுகிறவன் நம் வீட்டுப் படி ஏற வேண்டியதில்லை. மாயின் மாமாவுக்கு எழுதிவிட்டேன். குடும்பத்துக்குப் பெரியவர், காரணவர் அவர், அவரே பக்கர் வீட்டுக்குப் போய்ப் பேசட்டும். வேண்டாம் என்றால் மரியாதையாக முடித்துக்கொள்ளலாம்.

நீ எதற்கும் தலை குனிய வேண்டாம். உனக்கு நான் இருக்கிறேன்.

அசைனார்

*

தலச்சேரி
13 மார்ச் 1985

என் அன்பு இக்காவுக்கு,

ஸலாம். எல்லோரும் சுகம் என்று எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. இன்றைக்கு உள்ளதை எழுதுகிறேன். பஹ்ரைன் போகிற ஒருவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், தபாலை நம்பவில்லை.

மாயின் மாமாவுக்கு உங்கள் கடிதம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் போவதாக இருந்தார். நான் போய்க் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டு நிறுத்தி வைத்திருக்கிறேன். வேண்டாம் என்று நீங்கள் உடனே அவருக்குத் தந்தி அடிக்க வேண்டும். உங்கள் அளியன் உம்மாவின் சோற்றைப் பார்த்து முகம் கோணவில்லை, இக்கா. வலியில் கோணினார்.

போன கடிதம் எழுதும்போதே எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். இப்போது அதை மீறுகிறேன்.

ஒருநாள் விடியற்காலையில் அவர் சுபுஹு தொழுது முடிக்கிற நேரம். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். வலப்பக்கம் முகத்தைத் திருப்பி ஸலாம் கொடுத்தார். இடப்பக்கம் திரும்பியவர் பாதியில் நின்றுவிட்டார். காதுக்குக் கீழே கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா கண்ணுல தண்ணி வருது?"

"கொட்டாவி விட்டேன்."

"கொட்டாவி விட்டா வாயத் தொறக்கணும். நீங்க வாயத் தொறந்து நான் பாத்ததே இல்லையே."

அதற்குச் சிரித்தார். சிரித்ததும் மறுபடி வலித்தது. பிறகுதான் சொன்னார். எங்கள் கல்யாணத் தேதி குறித்த பிறகு ஆரம்பித்த வலியாம். இடது காதுக்கு அடியில் தொடங்கி, தாடை வழியாகத் தொண்டைக்குள் இறங்குமாம். மீன்முள் மாட்டிய மாதிரி எப்போதும் ஒரு உறுத்தல். பல்வலி என்று நினைத்து இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கியிருக்கிறார்கள். பல் போனது, வலி போகவில்லை.

"உப்பாவுக்கும் இப்படித்தான் குல்ஸு ஆரம்பிச்சது. மொதல்ல முழுங்க முடியல. அப்பறம் ஒரு வருசம்கூட இல்ல" என்றார்.

"பெரிய டாக்டர்ட்ட காட்டுனீங்களா?"

"காட்டாம இருக்கிற வரைக்கும் அது பல்வலிதானே."

என்னிடம் ஏன் அவர் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பதற்கும் காரணம் சொன்னார். "உனக்கு வயசு கெடக்கு. நான் ஒதுங்கியே இருந்துட்டா, நாளைக்கு உனக்கு இன்னொரு எடம் பாக்க லேசா இருக்கும்" என்றார். இதற்கு மேல் ஒரு இக்காவுக்கு எழுத முடியாது. நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

உம்மாவுக்கு எதுவும் தெரியாது. இன்றைக்கும் அவருக்காகக் கோதுமையும் இறைச்சியும் போட்டு அலீசா கிண்டிக்கொண்டிருக்கிறார்.

துஆ செய்யுங்கள்.

குல்ஸு

*

மனாமா
22 மார்ச் 1985

அன்புத் தங்கைக்கு,

ஸலாம். கடிதத்தைப் படித்து முடித்த கையோடு தந்தி அடித்துவிட்டேன். மாமா போக மாட்டார். ஹம்ஸவையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லாமலே நன்றாகத் திட்டினேன். ஏன் திட்டு வாங்குகிறான் என்று அவனுக்கு இன்னும் புரியவில்லை.

நீ கேட்டதற்குப் பதில். பக்கரின் உப்பா தொண்டைப் புற்றில் மழைக்காலத்தில் படுத்தார், அடுத்த நோன்புக்கு இல்லை. கடைசியில் தண்ணீர்கூட இறங்கவில்லை. நானும் பக்கரும்தான் பஞ்சை நனைத்து உதட்டில் வைப்போம். அவன் பயப்படுவதில் தப்பில்லை.

அதனால்தான் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அவனைக் கோழிக்கோட்டுக்கு அழைத்துப் போ. அது அந்த நோய்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டால், நீ இருக்கப்போகிறாயா? இருக்க முடியாது என்றால் சொல். உன்னை யாரும் குறை சொல்ல முடியாது, சொன்னால் நான் பார்த்துக்கொள்கிறேன். அவன் என் சிநேகிதன், நீ என் ரத்தம். உன் மனசில் உள்ளதை மறைக்காமல் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இக்கா

*

தலச்சேரி
18 ஏப்ரல் 1985

அன்புள்ள இக்காவுக்கு,

ஸலாம். இங்கே எல்லோரும் சுகம். வெயில்தான் தாங்கவில்லை.

கோழிக்கோட்டுக்கு வர மாட்டேன் என்று அவர் ஒரே பிடிவாதம். இந்த ஊர் டாக்டர் ஒருவர் நரம்புக்கு மாத்திரை கொடுத்தார். அதைச் சாப்பிட்டுவிட்டு அவர் பிசைந்த மாவின் மேலேயே தூங்கி விழுந்ததுதான் மிச்சம். பிறகு நான் ஒரு வேலை செய்தேன். அவர் தட்டில் எவ்வளவோ அவ்வளவுதான் என் தட்டிலும். அவர் அரைப் பத்திரி என்றால் நானும் அரைப் பத்திரி. இரண்டு பேரும் சாப்பிடவில்லை என்றதும் உம்மா மேசையில் இன்னும் இரண்டு பாத்திரம் கூட்டினார். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார் அவர். என் கன்னம் ஒட்டியதும், "போதும். எந்திரி, போவோம்" என்றார்.

கோழிக்கோட்டில் டாக்டர் ஸௌதாமினி. காது மூக்குத் தொண்டை பார்க்கிறவர். நரைத்த முடி, அதட்டுகிற குரல்.

"எப்பல்லாம் வலிக்குது?"

"எப்பவும்தான்."

நான் இருக்க மாட்டாமல், "எப்பவும் இல்ல டாக்டர். முழுங்கும்போது, கொட்டாவி விடும்போது. தொழுது முடிச்சு எடப்பக்கம் ஸலாம் கொடுக்கும்போது. வலப்பக்கம் திரும்பும்போது வர்றதில்ல" என்றேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "புருசன் வலிய நீதான் தூக்கிட்டு அலையிறியா? சரி, இங்க வந்து நில்லு."

அவரை நாற்காலியில் உட்காரவைத்து இடப்பக்கம் திரும்பச் சொன்னார். அவர் துடித்துப்போனார். டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார், கழுத்தெல்லாம் தடவினார். புண் இல்லை, கட்டி இல்லை என்றார். பிறகு உறை போட்ட விரலை வாய்க்குள் விட்டு, உள்நாக்குக்குப் பக்கவாட்டில் ஓரிடத்தில் அழுத்தினார். அவர் நாற்காலியோடு எம்பினார்.

"இதே வலிதானா?"

அவர் தலையாட்டினார். டாக்டர் அந்த இடத்திலேயே மரத்துப்போக ஒரு ஊசி போட்டார். கொஞ்சம் பொறுத்து, "இப்பத் திரும்பு" என்றார். இக்கா, அவர் திரும்பினார். தோளுக்கு மேலே தாடை வந்து நிற்கிற அளவுக்குத் திரும்பினார். பிறகு யாரும் சொல்லாமலே இன்னொரு தடவை திரும்பினார். ஒன்றும் வலிக்கவில்லை.

படமெடுத்துக் காட்டினார்கள். காதுக்குக் கீழே மண்டையிலிருந்து ஊசி மாதிரி ஒரு சின்ன எலும்பு எல்லோருக்கும் இறங்குமாம். அவருக்கு அது அளவுக்கு மீறி நீண்டு, விழுங்கும்போதும் திரும்பும்போதும் பக்கத்து நரம்பில் குத்துகிறதாம். அபூர்வமாகத்தான் இது நோவு கொடுக்குமாம், அதனால் பல்லைப் பிடுங்கினவரைக் குற்றம் சொல்லாதே என்றார். வாய் வழியாகவே அந்த நுனியை வெட்டி எடுத்துவிடலாமாம். அது நரம்பும் பெரிய ரத்தக்குழாயும் நெருங்கிக் கிடக்கிற இடம், அதனால் லேசான வேலை என்று சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். இருபத்தாறாம் தேதி ஆபரேஷன்.

உம்மாவிடம் சொல்லிவிட்டேன். கிண்டிக்கொண்டிருந்த சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தார். பிறகு எளாமா, "எலும்புதானா? நான் என்னென்னமோ சொல்லித் தொலச்சேனே" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

நீங்கள் கேட்டதற்கு இன்னொரு நாள் எழுதுகிறேன்.

குல்ஸு

*

கோழிக்கோடு
1 மே 1985

அன்புள்ள அசைனாருக்கு,

பக்கரின் ஸலாம். நீ சுகமாக இருக்க வேண்டும் என்று மட்டும்தான் இத்தனை நாள் துஆ செய்ய முடிந்தது, கடிதம் எழுத முகமில்லை. இப்போது பேசக்கூடாது என்று டாக்டர் வாயைக் கட்டிப் போட்டிருப்பதால் எழுதுகிறேன்.

ஆபரேஷன் முடிந்தது. எலும்புத் துண்டைக் குப்பியில் போட்டுக் காட்டினார்கள். இதற்கா இத்தனை நாள் பயந்து செத்தேன் என்றிருந்தது. புண்வலி இருக்கிறது. அது வேறு வலி, எனக்குப் புரிகிற வலி. பழைய வலி முழுக்கப் போகச் சில மாதம் ஆகலாம், கொஞ்சம் மிஞ்சினாலும் மிஞ்சலாம் என்கிறார்கள். மிஞ்சட்டும்.

நீ மாயின் மாமாவுக்கு எழுதியதை அவரே என்னிடம் காட்டினார். உன் இடத்தில் நான் இருந்திருந்தால் கடிதம் எழுதியிருக்க மாட்டேன், கப்பலேறி வந்து அடித்திருப்பேன். உன் உம்மா வைத்த தட்டில் நான் மிச்சம் வைத்தது எல்லாம் என் நெஞ்சில் கிடக்கிறது.

குல்ஸுவைப் பற்றி என்ன எழுத? ஆபரேஷன் அறைக் கதவு மூடும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். அழுவாள் என்று நினைத்தேன். முறைத்துக்கொண்டு நின்றாள். ஏன் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் வாயில்லை.

உன் நலத்துக்கு எழுது.

உன் பக்கர்

*

மனாமா
20 ஆகஸ்டு 1985

அன்புத் தங்கை குல்ஸுவுக்கு,

ஸலாம். நான் சுகம். நீ சுகமா என்று தெரியாமல் இதை எழுதுகிறேன்.

பக்கர் எழுதினான், பதில் போட்டேன். உனக்கு மூன்று கடிதம் போட்டேன். நோன்பு போய்விட்டது, பெருநாள் போய்விட்டது, ஒரு வரி இல்லை. எளாமாவைக் கேட்டேன். "புதியாப்ளை பொழுது சாயும்போதே, மஃரிபுக்கே வந்துடுறாரு, சட்டிய வழிச்சு வைக்கிறாரு" என்று யாரையோ வைத்து எழுதவைத்திருக்கிறார். நீ எழுதாதது ஏன்? வலி திரும்பிவிட்டதா? என்னிடம் மறுபடி மறைக்கிறாயா? நான் மார்ச்சில் கேட்ட கேள்வியால் உனக்கு என் மேல் கோபமா? ஒரு வரியாவது போடு.

இக்கா

*

தலச்சேரி
9 செப்டம்பர் 1985

என் அன்பு இக்காவுக்கு,

ஸலாம். மன்னித்துவிடுங்கள். இந்தத் தடவை உண்மையாகவே எல்லோரும் சுகம்.

ஒன்றையும் மறைக்கவில்லை. முன்பெல்லாம் அவர் வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் உங்களுக்குக் கடிதம் எழுதுவேன். இப்போது அந்த நேரம் எனக்குக் கிடைப்பதில்லை. வந்தது முதல் பேசுகிறார். மாவு புளித்தது, புளிக்காதது, யார் கடன் சொல்லிக் கேக் வாங்கிப் போனார், எல்லாம். இவ்வளவு பேசுகிற மனிதரையா நீங்கள் எனக்குக் கட்டிவைத்தீர்கள்? மழை பெய்து குளிர்ந்தால் காதுக்கு அடியில் லேசாக நோகிறது என்கிறார். அப்போது என் கையை எடுத்து அங்கே வைத்துக்கொள்வார். அவ்வளவுதான்.

மார்ச்சில் நீங்கள் கேட்டதற்கு நான் பதில் எழுதவில்லை. கோபத்தால் அல்ல. எனக்கே தெரியவில்லை. கட்டி இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகும் தெரியவில்லை. பயம் போன பிறகு இருப்பேன் என்று எழுதுவதில் என்ன இருக்கிறது?

ஆபரேஷன் அறைக் கதவு மூடியபோதுதான் தெரிந்தது. அந்த ரத்தக்குழாயில் கத்தி பட்டுவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். துஆ வரவில்லை, இக்கா. கோபம்தான் வந்தது. தான் போன பிறகு எனக்கு இன்னொரு கல்யாணம் நடக்க வேண்டும் என்று இந்த மனிதர் தனியாக உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறாரே, என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? என்னிடம் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனே. வெளியே வரட்டும், இதற்கு ஒரு சண்டை போடாமல் விடுவதில்லை என்று அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து நினைத்தேன். அப்போதே என் பதில் எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்தச் சண்டையை இன்னும் போடவில்லை. வாய் திறக்கப் போனால் அவர் ஏதாவது பேசிச் சிரிக்க வைத்துவிடுகிறார். போட்டுக்கொள்ளலாம். ஆள் இங்கேதான் இருக்கிறார், அவசரமில்லை.

உங்கள் குல்ஸு